பழைய சிறு கார் வாங்குவார்க்கு

(திருவாதவூரில் கூடிய நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லும் எம்மைப் பழைய மோட்டார்க் காரைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தது சிலர்க்கு நகைப்பை விளைக்கக்கூடும். ஆயினும் காரணம் நகைக்கத்தக்கதன்று. நம்மவருட் பலர் அண்மையிற் கைமாறிய சிறு கார்களை வாங்கியுள்ளனர். முதியோரை மதுரைக்கு வைத்தியத்துக்கு அழைத்துச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியிற் கொண்டு விடவும், கலியாணங் காரியங்களுக்குக் குடும்பத்தோடு போய் வரவும் ஒரு வண்டி வேண்டுமென்பது இக்காலத்தில் ஆடம்பரமாகாது. புதிய வண்டிக்குப் பொருளில்லாதார் ஒன்று ஒன்றரை இலட்சத்துக்குள் பழையதொன்று தேடுகின்றனர். அத்தொகையும் நகையை அடகு வைத்தோ, சீட்டெடுத்தோ வந்ததாக இருக்கின்றது. வாங்கிய வண்டி மூன்றாம் மாதமே பட்டறையில் நின்றுவிட, விற்றவரும் வாங்கியவரும் உறவினராகையால், ஒரு வீட்டுக் கலியாணத்துக்கு மற்றொரு வீட்டார் போகாத நிலையும் நேர்ந்துள்ளது. இதனாலேயே இப்பொருளைக் கையிலெடுத்தோம்.

இவ்வூர் மாணிக்கவாசகர் அவதரித்த ஊர். அவர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற வரலாற்றைத் தங்கட்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நரிகள் பரிகளாய் மதுரைக்கு வந்தன. அரசனும் அசுவ இலக்கணம் அறிந்தோரும் அவற்றின் நடையையும் நிறத்தையுங் கண்டு வியந்தனர். இரவு வந்ததும் அவை பழையபடி நரிகளாகிப் பந்தியில் முன்பிருந்த குதிரைகளையுங் கடித்துக் குதறின. இறைவன் திருவிளையாடலைச் சந்தை வியாபாரத்தோடு ஒப்பிடுதல் எம் கருத்தன்று. அவ்வரலாற்றில் வரும் உலக வழக்கொன்றை மட்டும் எடுத்துக் கொள்கின்றோம். குதிரைகளை ஒப்புவிக்கும்போது கயிறு மாற்றிக் கொடுத்தல் என்பது அது. கயிறு மாறிய பின்னர்க் குதிரைக்கு யாது நேரினும் கொடுத்தவர்க்கும் கொண்டவர்க்கும் வழக்கில்லை. நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளிலும் இவ்வழக்கு உண்டு. மதுரைப் பேருந்து நிலையம் இருக்குமிடம் மாட்டுத்தாவணி எனப் பெயர் பெற்றதே அங்குக் கூடிய மாட்டுச் சந்தையால்தான். அங்கே மாடு பிடிக்கப் போன நம் பாட்டன்மார் பல்லைப் பிடித்துப் பார்த்தனர், சுழி பார்த்தனர், நடக்க விட்டுப் பார்த்தனர். விற்பவர் மாமனாயினும் மைத்துனனாயினும் பல்லைப் பார்த்ததற்காக எவரும் வருந்தியதில்லை. காரை வாங்கும்போது மட்டும், 'நம்மவர் வண்டியைச் சோதித்தல் மரியாதையன்று' என்று நாம் வாளா இருந்துவிடுகின்றோம்.

நிற்க. எவ்வண்டியைத் தேடுவது என்பதை முதலிற் கூறுவாம். நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்தார்க்குக் காரென்னும் பொருளை எட்டச் செய்தது மாருதி 800. அது 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. ஆல்டோ 2000ஆம் ஆண்டில் வந்தது. 2012இல் வந்த ஆல்டோ 800 என்பது 2023 வரை விற்கப்பட்டது. மூன்று உருளைகளும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுங் கொண்ட அதன் எஞ்சினைத் திறந்து பாராத பட்டறை மதுரை வட்டாரத்தில் இராது. உதிரிப்பாகமும் எளிதிற் கிடைக்கும். இவற்றினும் பெரியதும் அழகியதுமான வண்டி இதே விலைக்கோ, இதனினுங் குறைந்த விலைக்கோ கிடைப்பின் அம்மலிவின் காரணத்தை ஆராய்தல் வேண்டும். செவ்ரோலெட் கார்களை விற்ற நிறுவனம் 2017ஆம் ஆண்டு முடிவில் இந்திய விற்பனையை நிறுத்திவிட்டது. போர்டு நிறுவனமும் இந்தியாவிற் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. இவ்வண்டிகள் தீயன என்பதன்று; செய்தவர் சந்தையை விட்டகன்ற வண்டிக்கு விலை இறங்குவது இயல்பு. விலை இறங்கியதை மட்டும் எண்ணி, கதவுக் கண்ணாடி ஒன்று உடைந்தால் எங்கே வாங்குவது என்பதை எண்ணாதிருத்தல் கூடாது.

வண்டியைப் பார்க்கக் காலையிற் செல்க. சாயுங்காலம் மங்கிய ஒளியிலும், மழை நனைத்த போதும் எந்த வண்டியும் புதிதாகவே தோன்றும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் போதே முதன்முறை இயக்கிப் பார்த்தல் இன்றியமையாதது. ஆகலின் விற்பவரிடம், 'யாம் வருமுன் வண்டியை எடுக்க வேண்டா' என்று முன்னரே சொல்லி வைத்து, போனதும் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருப்பின் மற்றொரு நாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சினே தன் நோயை மறைக்காது சொல்லும். நீலப் புகை வரின் எஞ்சின் ஆயிலை எரிக்கின்றது. வெண்புகை சிறிது நேரத்தில் அடங்காது தொடர்ந்து வரின் குளிர்நீர் உள்ளே கசிகின்றதென ஐயுறலாம். கரும்புகை எரிபொருள் மிகுவதைக் காட்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அதன் உட்புறத்தை நோக்குக. மோர் கலந்தாற்போல வெளுத்த பசை படிந்திருப்பின், ஆயிலோடு நீர் கலந்திருக்கக்கூடும். அதனைப் பட்டறையில் தெளியாமல் மேலே விலை பேசல் வேண்டா. கேஸ்கெட் மாற்றினாற் போதும் என்று தரகர் எளிதாகச் சொல்வார். மாற்றித் தருமாறு அவரையே கேளுங்கள்.

அடுத்தது வெளிப்புறம். வர்ணத்தின் பளபளப்பை நோக்குதல் வீண். கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருக்கின்றதா, பானெட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் சாவி பட்ட தழும்பு உளதா, கதவோர இரப்பரை நீக்கினால் அடியில் வேற்று நிறம் தோன்றுகின்றதா என்பனவே நோக்கத்தக்கன. சிறு காந்தமொன்றை மெல்லிய துணியிற் சுற்றித் தகட்டின்மேல் வைத்தால், பட்டி பூசிய இடத்தில் அது பற்றாது வழுவும். கதவிற் பட்ட சிறு அடியைப் பட்டி பார்த்திருப்பின் அது பெருங் குற்றமன்று. பானெட்டுக்குள் இருபுறமும் நீண்டு செல்லும் இரும்புச் சட்டம் நெளிந்து நிமிர்த்தப்பட்டிருப்பின், அவ்வண்டியை எவ்விலைக்கும் கொள்ளற்க. அது நேரே ஓடாது. மறுமுறை மோதினால் உள்ளிருப்போரைக் காவாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பதைக் காணலாம். முன்னிரண்டும் வாரம்; பின்னிரண்டும் ஆண்டு. 2319 எனின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென்பது பொருள். கிலோமீட்டர் காட்டியில் நாற்பதினாயிரம் என்று இருக்க, கிளட்ச் மிதியின் இரப்பர் தேய்ந்து இரும்பு தெரியுமாயின், இரண்டில் ஒன்று பொய் சொல்கின்றது. இரப்பர் பொய் சொல்வதை யாம் இதுகாறுங் கண்டதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற விரும்புகின்றோம். 2015 டிசம்பரிற் சென்னையும், 2023 டிசம்பரில் முதலில் சென்னையும் பின்னர்த் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் பெருவெள்ளங் கண்டன. நீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்களுக்கு விலைபோதல் உலகியல்பு. இருக்கையுறை புதிதாகவும் உள்ளே நறுமணம் மிகுந்தும் இருப்பின் ஐயுறுக. இருக்கை வாரை முழுதும் வெளியே இழுத்து அதன் அடிப்பகுதியை நோக்கினால் சேற்றுக் கறை தெரியும். துடைத்தவர் அவ்வளவு தூரம் இழுத்துத் துடைப்பது அரிது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் மூலையில் வண்டல் இருக்கும். இருக்கை நகரும் தண்டவாளம் துருவேறியிருக்கும். இத்தகைய வண்டி இன்று ஓடும். ஈரமேறிய மின்கம்பிகள் ஓராண்டு கழித்து ஒவ்வொன்றாகப் பழுதாகும்.

பின்னர் ஓட்டிப் பார்த்தல். தெருவை ஒருமுறை சுற்றி வருதல் ஓட்டமன்று. நம்மூரிலிருந்து திருமோகூர் வழியாக ஒத்தக்கடை வரை குண்டுங்குழியிலும், அங்கிருந்து மேலூர் நாற்கரச் சாலையில் விரைவாகவும் செலுத்துக. வளையத்தை முழுதுந் திருப்பி மெல்லச் செல்லும்போது 'கடக் கடக்' என்னும் ஒலி எழுந்தால் முன்சக்கர அச்சின் இணைப்புத் தேய்ந்துள்ளது. சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாங் கியரிலிட்டுக் கிளட்சை மெல்ல விடுக. எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாது உறுமிக்கொண்டிருப்பின் கிளட்ச் வழுக்குகின்றது. மாற்றும் செலவை விலையிற் கழிக்குமாறு கேட்டல் முறையே.

இவற்றையெல்லாம் தாமே அறியாதவர் என் செய்வது எனின், தமக்குப் பழக்கமான மெக்கானிக்கை அவர் கேட்கும் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்க. விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டா. ஒன்றரை இலட்சத்துக்கு வாங்குபவர் ஆயிரம் ரூபாய்க் கூலிக்குத் தயங்குவதன் காரணம் எமக்கு விளங்கவில்லை.

உயிர்க்காப்பைப் பற்றியும் தாய்மார்கள் கேட்டல் வேண்டும். 2014 ஜனவரியில் வெளியான குளோபல் என்கேப் சோதனையில், காற்றுப்பை இல்லாத இந்தியச் சிறு கார்கள் ஐந்தும் பெரியோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. புதிய கார்களில் ஓட்டுநர்க்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல். பக்கத்திருப்பவர்க்கும் கட்டாயமானது 2021 டிசம்பர் 31 முதல். ஆகலின் பத்திருபதினாயிரம் கூடக் கொடுத்தேனும் அவ்வாண்டுகளுக்குப் பிற்பட்டதைக் கொள்ளுதல் நன்று. சாவியைத் திருப்பியவுடன் காற்றுப்பை விளக்கு எரிந்து, சிறிது பொழுதில் அணைய வேண்டும். எரியவே இல்லையாயின், பழுதை மறைக்க விளக்கைக் கழற்றியிருக்கலாம்.

பெட்ரோலைப் பற்றி ஒரு சொல். இப்போது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்து விற்கப்படுகின்றது. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகளில் எரிபொருட் குழாய், இரப்பர் இணைப்புகள் ஆகியவற்றைப் பார்த்து, வேண்டின் மாற்றிக்கொள்ளச் சிறிது பணம் ஒதுக்குக.

இனி, கயிறு மாற்றலுக்கு வருவாம். காருக்குக் கயிறாவது ஆர்.சி. புத்தகம். நம்முள் நிகழும் விற்பனையிற் பெரும்பிழை இங்கேதான். 'அண்ணன் தம்பிக்குள் என்ன, பெயரை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்' என்று பணத்தையும் சாவியையும் மாற்றிக்கொண்டு, பெயரை மட்டும் ஆண்டுக்கணக்கில் மாற்றாதிருக்கின்றனர்.

இதன் விளைவை அறிய ஒரு வழக்கைக் கேண்மின். 2009ஆம் ஆண்டில் ஒரு மாருதி 800 கார் பின்னோக்கிச் செலுத்தப்பட்டபோது ஒரு சிறுவன் அதன் கீழகப்பட்டு இறந்தான். பதிவில் உரிமையாளராக இருந்தவரோ அக்காரை முன்னரே விற்றுவிட்டார். வாங்கியவர் மற்றொருவர்க்கு விற்க, அவர் இன்னொருவர்க்கு விற்க, வண்டி பல கை மாறியும் பதிவுப் பெயர் மாறவேயில்லை. கைவசம் வைத்திருந்தவரே பொறுப்பாளி என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதனை மாற்றி, பதிவில் எவர் பெயர் உளதோ அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பணத்தைச் செலவிட்டு மறந்தே போனவர் மேல், தாம் கண்டிராத ஒரு சிறுவனின் இறப்புக்கான கடன் வந்து நின்றது. ஆகலின் பெயர் மாற்றுமாறு வற்புறுத்த வேண்டியவர் வாங்குபவர் மட்டுமல்லர். விற்பவரே முதலில் வற்புறுத்தல் வேண்டும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். 29ஆம் படிவமும் 30ஆம் படிவமும் இதற்குரியன. வெற்றுப் படிவத்திற் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்து வருதல் ஆகாது. வண்டியின்மேல் வங்கிக் கடன் இருந்ததாக ஆர்.சி.யிற் குறித்திருப்பின், கடன் தீர்ந்தது என்னும் வாய்ச்சொல் போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும், அவ்வங்கி ஒப்பமிட்ட 35ஆம் படிவமும் கைக்கு வந்த பின்னரே முழுத்தொகையையும் கொடுக்க. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியிற் பொறித்தவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. கட்டப்படாத அபராதம் உளதா என்பதை அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் வீட்டுப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவர்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ச் சோதனைக்குட்படுத்திப் புதுப்பித்தல் வேண்டும். அப்புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் ரூ.600இலிருந்து ரூ.5,000 ஆக உயர்த்தப்பட்டது. பசுமை வரியும் உண்டு. பதினான்கு வயது வண்டியை மலிவாகத் தருபவர் இச்செலவையும் சேர்த்தே நம்மிடந் தருகின்றார்.

இன்சூரன்சை வாங்குபவர் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். இழப்பீடு கோராதிருந்தமைக்குரிய தள்ளுபடி விற்றவர்க்கே உரியது, வண்டியோடு வாராது. அத்தள்ளுபடியைக் காட்டி விலையை ஏற்றுவார் உளர், உடன்படற்க.

நேரம் மிகுந்துவிட்டது. 29ஆம், 30ஆம் படிவங்களின் பிரதிகள் சில கொணர்ந்துள்ளோம். அவற்றை நிரப்பும் முறையை அறிய விரும்புவோர் உணவுக்குப் பின் மண்டபத்தின் கீழ்புறத் தாழ்வாரத்துக்கு வருவாராக.