கவச உடையும் முதல் அழுகையும்



பள்ளிக்கூடத்தில் மணி ஐந்து நிமிஷம் தாமதித்து அடித்தாலும் பாடம் நடந்துவிடும். பிரசவ அறையின் கணக்கு வேறு. அதை எனக்குக் கற்பித்தவள், குழந்தைகள் பிரிவில் நர்ஸாகப் பணியாற்றும் என் மகள்.

பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை தாமாகவே மூச்செடுத்து அழுகின்றன. நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளை நன்றாகத் துடைத்து, முதுகைத் தடவித் தூண்டினால் போதும். ஏறத்தாழ ஐந்து குழந்தைகளுக்குத்தான் முகத்தில் சிறு மூடியைப் பொருத்தி, பையை அழுத்திக் காற்றூட்ட வேண்டும். அதையும் பிறந்த 60 நொடிகளுக்குள் தொடங்கிவிட வேண்டும். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து 6 நொடி கேட்டு, எண்ணியதைப் பத்தால் பெருக்கினால் நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்பது விளங்கும். (வாய்பாடு எதற்கென்று வினவும் மாணவன் இதைக் கவனிப்பானாக!) துடிப்பு 100க்குக் குறைந்தால் காற்றூட்டல், செவ்வையாகக் காற்றூட்டியும் 60க்குக் கீழே நின்றால் மார்பையும் அழுத்த வேண்டும்.

2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது, நோயுற்ற தாய்மாரின் பிரசவத்துக்குச் சென்றோர் தலைமுதல் கால்வரை கவச உடை அணிந்தனர். தம்மைக் காத்த அந்த உடையே அவர்களுடைய புலன்களைக் கட்டிப்போட்டது. காதையும் சேர்த்து மூடிய உடையில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டுவது எவ்வாறு? கண்ணாடியில் ஆவி படிந்தது. தொப்புள்கொடியில் துடிப்பைத் தேடும் விரல்களின்மேல் இரட்டைக் கையுறை. குழந்தை குளிர்ந்துவிடாதிருக்க அறையை வெதுவெதுப்பாக வைப்பார்கள். உடைக்குள் வியர்வை வடியும், துடைக்க வழியில்லை. எல்லாவற்றினும் கொடியது பேச்சு மழுங்கியதே. முகமூடிக்குள்ளிருந்து 'ஐம்பது' என்று ஒருவர் சொன்னால், மற்றவர் காதில் அது 'எண்பது' என்று விழக்கூடும். முன்னதற்கு மார்பை அழுத்த வேண்டும், பின்னதற்கு வேண்டியதில்லை.

ஓர் இரவு என் மகள் உடையணிந்து முடிப்பதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அழுகை கேட்கவில்லை. "அப்படியே ஓடிவிடலாமென்று கால் துடித்தது, அப்பா. ஆனால் கவசமில்லாமல் போனால், மறுநாள் வேறொரு தொட்டிலுக்கு நானே நோயைக் கொண்டுபோவேனே!" என்றாள். உள்ளே தாயின் அருகில் முன்னரே கவசத்துடன் நின்ற நர்ஸ் குழந்தையைத் துடைத்துத் தூண்டினாள். சற்றுப் பொறுத்து அது அழுதது. கதவுக்கு வெளியே நின்ற அந்தச் சில நொடிகளை மகள் இன்றும் மறக்கவில்லை. உடை வீண் தொல்லை என்று அந்நாளில் பேசியவர்களும் உண்டு. எனக்கு அக்கருத்து உடன்பாடன்று.

அதன்பின் அவர்கள், பிரசவ வலி முற்றும்போதே ஒருவரைக் கவசம் அணிவித்து நிறுத்தினார்கள். யார் எவரென்று தெரிய மார்பில் பெயரை எழுதிக்கொண்டார்கள். குழந்தையின் வலக்கையில் சிறு கருவியைக் கட்டித் துடிப்பைத் திரையில் பார்த்தார்கள்; ஆயினும் அது எண்ணைக் காட்டச் சிறிது நேரமாகும். ஆகவே துடிப்பை வாயாலும் 'ஐந்து, பூஜ்யம்' என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார்கள். கேட்டவர் அதையே உரக்கத் திருப்பிச் சொன்ன பின்னரே அடுத்த வேலை.

கவச உடை கழன்று ஆண்டுகள் பல ஆயின. இன்றும் நான் தொலைபேசியில் கடைச்சாமான் பட்டியல் சொன்னால், என் மகள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதிக்கொள்கிறாள்.