கண்ணீர்ப் படங்களுக்குப் பரிசா?

(கடலூரிலும் சிதம்பரத்திலும் நடந்த பொதுக்கூட்டங்களில் பேசியதன் சுருக்கம்)

சுயமரியாதைக்காரர்கள் சினிமாவைப் பற்றி, அதுவும் விளையாட்டுப் படங்களைப் பற்றி, மேடையில் பேசுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கோயிலுக்குப் போகாதவன் உண்டு, புராணம் கேட்காதவன் உண்டு. சினிமா பார்க்காதவன் நம் ஊர்களில் எத்தனை பேர்? அந்தக் காலத்தில் கதாகாலட்சேபம் செய்த வேலையை இன்று சினிமா செய்கிறது. ஆகவே அது ஜனங்கள் புத்தியில் எதை ஏற்றுகிறது என்று பார்க்க வேண்டியது நம் கடமையாகும்.

இந்த விளையாட்டுப் படங்களின் கதை என்ன? ஓர் ஏழைப் பையன், அல்லது பெண். தாயார் தாலியை அடகு வைப்பாள். குடித்துக் கெட்டுப்போன ஒரு பழைய ஆட்டக்காரர் குருவாக வந்து வாய்ப்பார். நடுவில் அவமானம், மழை, அழுகை. கடைசி நிமிஷத்தில் வெற்றி, கொடி, மறுபடியும் அழுகை. பந்து மாறும், ஊர் மாறும், கதை மாறாது. சட்டி மாறினாலும் குழம்பு ஒன்றே! இப்படிப்பட்ட படங்களுக்குச் சர்க்கார் பரிசு கொடுப்பது தகுமா என்பதே இன்று நாம் பேச வந்த விஷயம்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதா என்று கேட்கிறோம். இது நந்தன் கதையல்லவா? கொள்ளிடக் கரை ஆதனூரில் பிறந்த நந்தன், நெருப்பில் மூழ்கிப் பூணூலோடு முனிவராக எழுந்த பிறகே கோயிலுக்குள் போனான் என்கிறது பெரியபுராணம். அதாவது நந்தன் நந்தனாக உள்ளே போகவில்லை. பெரியபுராணத்தில் இல்லாத வேதியப் பண்ணையாரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் சேர்த்தார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர். கடவுள் ஒரே இரவில் முடித்துக் கொடுக்கிறார். சினிமாவிலோ 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் லட்ச ரூபாய் பெற்று நந்தனாக நடித்தார். 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்தார். ஜனங்கள் உருகி உருகி அழுதார்கள். அழுது என்ன பயன்? அந்தக் கண்ணீரால் எந்தக் கோயில் கதவாவது திறந்ததா? திறந்தது கிளர்ச்சியாலும், 1947-ல் வந்த ஆலயப் பிரவேசச் சட்டத்தாலும் அல்லவா? கதவைப் பூட்டியவன் யார் என்று கேட்க வேண்டிய வாயை, அழுவதற்கு மட்டும் திறக்கச் செய்ததே அந்தக் கதையின் சாமர்த்தியம்.

இப்போது "லகான்" என்னும் இந்திப் படத்தை எடுத்துக் கொள்ளுவோம். 2001-ல் வந்தது, ஆஸ்கார் போட்டி வரைக்கும் போனது. கதை நடப்பதாகச் சொல்லும் வருஷம் 1893. அதில் கச்ரா என்று ஒரு தீண்டப்படாதவன் வருகிறான். கச்ரா என்றால் குப்பை! அவனுடைய ஊனமான கையால் பந்து தானாகவே சுழலுகிறதாம். ஊரார் அவனைச் சேர்க்க மறுக்கிறார்கள். கதாநாயகன், ராமன் சபரியின் கனியைத் தின்றதை எடுத்துச் சொல்லுகிறான். உடனே ஊரார் மனம் மாறுகிறது. சில நிமிஷத்தில் தீண்டாமை ஒழிந்தது!

அதே 1890-களில் புனாவில் உண்மையாகவே ஒருவர் இருந்தார். பல்வங்கர் பாலு என்பது அவர் பெயர். அவர் பந்து சுழன்றது ஊனத்தால் அல்ல, ஓயாத பழக்கத்தால். அவரைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்ட இந்துக்கள் அவர் பந்தைத் தொட்டார்கள். அவர் குடிக்கும் தேநீரை மட்டும் கொட்டகைக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். 1911-ல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பினார். அப்படியும் இந்துக் கட்சியின் தலைமை கடைசிவரை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 1923-ல் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. திறமை இருந்தால் உலகம் தானாகத் தலை வணங்கும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

சர்க்கார் பரிசுகளைப் பாருங்கள். "நல்ல பொழுதுபோக்குத் தரும் ஜனரஞ்சகப் படம்" என்று தேசிய விருதில் ஒரு வகை வைத்திருக்கிறார்கள். 2001-ஆம் வருஷத்துக்கு "லகான்", 2007-க்கு "சக் தே இந்தியா", 2013-க்கு "பாக் மில்கா பாக்", 2014-க்கு "மேரி கோம்" ஆகிய விளையாட்டுப் படங்கள் அதைப் பெற்றன. இந்த மேரி கோம் மணிப்பூர்ப் பெண். அவர் வேஷத்தையோ மணிப்பூரைச் சேராத பிரியங்கா சோப்ரா போட்டார். ஜெயித்தவளின் கதை வேண்டும், அவள் ஜாதி முகம் மட்டும் வேண்டாமாம்!

பயிற்சியாளருக்குச் சர்க்கார் 1985 முதல் கொடுத்துவரும் விருதின் பெயர் என்ன? துரோணாச்சாரியார் விருது! வேடன் மகன் ஏகலைவனின் கட்டை விரலைக் காணிக்கையாக வாங்கிய அதே துரோணன்தான். விரலை வாங்கியவன் பெயரில் பரிசு கொடுக்கிறவர்கள், விரலை இழந்தவன் கதைக்கு எப்படி நியாயம் செய்வார்கள்?

"இப்படங்கள் வாலிபர்களுக்கு ஊக்கம் கொடுக்கின்றனவே" என்று சில தோழர்கள் சொல்லுவார்கள். ஊக்கம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒருவன் ஜெயித்ததைக் காட்டி, ஜெயிக்காத ஆயிரம் பேரைப் பார்த்து "நீ முயற்சி செய்யவில்லை" என்று சொல்லுவது ஊக்கமா, ஏளனமா? மைதானம் இல்லாதவன், வயிறாரச் சாப்பாடு இல்லாதவன், காலனியில் பிறந்த குற்றத்துக்காக ஊர்க் கட்சியில் இடம் கிடைக்காதவன், இவர்களுடைய குறை முயற்சிக் குறையா? முன்பு தலைவிதி என்றார்கள். இப்போது முயற்சி போதாது என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் குற்றம் ஏழை தலையில்தான்.

அப்படியானால் விளையாட்டுப் படங்களுக்கே பரிசு கூடாதா? அப்படியல்ல. 2012-ஆம் வருஷத்துச் சிறந்த படமென்று தேசிய விருது பெற்ற "பான் சிங் தோமர்" படத்தைப் பாருங்கள். தேசத்துக்காக ஓடி ஜெயித்த சிப்பாய், சொந்த நிலத் தகராறில் நியாயம் கிடைக்காமல் கொள்ளைக்காரனாகிறான். பதக்கம் அவன் நிலத்தைக் காப்பாற்றவில்லை என்ற உண்மையை அது மறைக்கவில்லை. அந்தப் பரிசு தகுதியான பரிசு. நம் தமிழில் 2021-ல் வந்த "சார்பட்டா பரம்பரை", குத்துச்சண்டை மேடையில் ஏற யாருக்கு உரிமை என்று கேட்டது. 2024-ல் வந்த "லப்பர் பந்து", கிராமத்துக் கிரிக்கெட்டில் ஜாதி எப்படி ஆள் பொறுக்குகிறது என்று காட்டியது. இவற்றிலும் கண்ணீர் உண்டு, கைதட்டல் உண்டு. ஆனால் கதவைப் பூட்டியவன் யாரென்பதும் உண்டு.

ஆகவே நம் அபிப்பிராயம் இதுதான். எவ்வளவு அழவைத்தது என்பது பரிசுக்கு அளவுகோலாகாது, வெங்காயமும் அழவைக்கும். தடை போட்டவனை அடையாளம் காட்டுகிறதா, கதாநாயகன் ஜெயித்த பிறகு அடுத்தவனுக்கும் வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாத படம் எவ்வளவு வசூலித்தாலும் பொதுஜனங்களின் வரிப்பணத்தில் பரிசு பெற யோக்கியதை உடையதல்ல.

வாலிபத் தோழர்களே! பொங்கலுக்கு உங்கள் ஊர்களில் கபடி, கிரிக்கெட் பந்தயம் நடத்துகிறீர்கள். அடுத்த முறை நடத்தும்போது உங்கள் கட்சியில் காலனிப் பையன்கள் எத்தனை பேர், தலைவனாக ஒருவனாவது இருக்கிறானா, ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால், எந்தப் படத்தைப் பார்த்து எத்தனை முறை அழுதாலும் பயனில்லை. அதைச் சரிசெய்கிற ஊர் எதுவோ, அந்த ஊருக்குத்தான் முதல் பரிசு கொடுக்கவேண்டும் என்று கூறி முடித்துக் கொள்ளுகிறோம்.