பொறை

திருக்குறளின் 16-ஆவது அதிகாரம் ‘பொறையுடைமை’. பொறை என்றால் பொறுமை என்று பரீட்சையில் எழுதி, மார்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அகராதியைப் புரட்டினால் அதே சொல்லுக்குச் சுமை என்றும் பொருள் இருக்கும், மலை என்றும் இருக்கும். சேர மன்னர்கள் சிலர் பெயரிலேயே ‘இரும்பொறை’ உண்டு.

ஆக, பிடிக்காததைப் பொறுத்துக்கொள்கிறவர் பாரம் சுமக்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் சத்தமாகப் பாட்டு வைத்தால் நமக்குக் கழுத்து வலிப்பது அதனால்தானோ என்னவோ!

பாரத்தை இறக்கவேண்டுமே? அதற்கும் சொல் வைத்திருக்கிறார்கள்: ‘பொறையுயிர்த்தல்’. சுமையை இறக்கி இளைப்பாறுவது ஒரு பொருள். பிள்ளை பெறுவது இன்னொரு பொருள். இந்த இரண்டும் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லில் சந்திக்கின்றன. பிள்ளை பெறாமலே இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாகக் குடும்பத்தார் அதை நட்டுவைப்பது அந்தக் கால வழக்கம். நட்ட கல் இரண்டு, குறுக்கே கிடத்திய கல் ஒன்று. ஏறக்குறைய தோள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல் இறக்கிவைக்கலாம். கிளம்பும்போது தூக்கிவிட ஆள் தேடவும் வேண்டாம்.