ஏப்பிரல் பதினேழு: ஒரு தேதியும் பல வாழ்வும்



நாட்காட்டியின் ஒரு தாள், காலையில் எழுந்ததும் கிழித்தெறியப்படும் சிறுபொருள். அதிலே கிழமை உண்டு, திதி உண்டு, இராகுகாலமும் உண்டு. ஆனால் அந்தத் தாளுக்குரிய அதே தேதியில், கடந்துபோன நூற்றாண்டுகளில் எத்தனை பேர் பிறந்தனர், எத்தனை பேர் மறைந்தனர், எந்தெந்த நகரங்கள் எழுந்தன, எவை வீழ்ந்தன என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்லும் பொறுப்பை இந்நாட்டுப் பாடசாலைகள் பல ஏற்றுக்கொண்டுள்ளன. காலைக் கூட்டத்தில் ஒரு மாணவன் முன்வந்து, இன்றைய நாளின் சிறப்புகள் என்று சிலவற்றை வாசிக்கிறான். மற்றவர் கேட்கின்றனர்; கைதட்டுகின்றனர்; வகுப்புக்குச் செல்கின்றனர். பிற்பகலில் அவற்றுள் ஒன்றேனும் எவர் நினைவிலாவது நிற்கிறதா என்பதே ஐயம்.

நினைவில் நில்லாமைக்குக் காரணம் மாணவரின் மறதியன்று. தனித்தனியே வாசிக்கப்படும் செய்திகளுக்குள் உறவு எதுவும் காட்டப்படுவதில்லை. நூலில் கோக்கப்படாத மணிகள் சிதறிப்போவது இயல்பே. எனவே ஒரேயொரு தேதியை எடுத்து, அதற்குரிய செய்திகளை விசுவமடு என்னும் ஓர் ஊரிலிருந்து நோக்கினால் எவ்வாறு தோன்றும் என்பதை இன்று ஆராய்வது பயனுடையதாகும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தருமபுரத்தைக் கடந்ததும் வரும் ஊர் விசுவமடு. தேர்ந்துகொண்ட நாள் ஏப்பிரல் 17. சித்திரைப் புத்தாண்டின் பலகார வாசனை வீடுகளில் முற்றாக நீங்காத நாள்.

உலகச் செய்திகளை முதலில் விரைவாகக் காண்போம். 1492 ஆம் ஆண்டு இந்நாளில் ஸ்பெயின் நாட்டு மன்னரும் அரசியும் கொலம்பசுடன் கடற்பயண உடன்படிக்கை செய்துகொண்டனர். 1790 இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் மறைந்தார். 1895 இல் சீனாவும் யப்பானும் சிமொனொசெக்கி உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. விளையாட்டுத் துறையில், 1860 இல் இங்கிலாந்தின் பார்ன்பரோவில் ஆங்கிலேயரான சேயர்சும் அமெரிக்கரான ஹீனனும் வெறுங்கையால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குத்துச்சண்டையிட்டனர். வெற்றி தோல்வியின்றி அது முடிந்தது. ஏழாண்டுகளின் பின் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையை அவ்விளையாட்டுக்கு அளித்தன. 1953 இல் வாஷிங்டன் நகர மைதானத்தில் மிக்கி மாண்டில் அடித்த தளப்பந்து 565 அடி தூரம் சென்றதாக அன்று கணக்கிடப்பட்டது.

இவை கேட்பதற்குச் சுவையானவை. ஆயினும் வன்னியிலுள்ள பிள்ளைக்கு இவை தொலைவிலுள்ளவை. சற்று அருகே வருவோம்.

1756 ஆம் ஆண்டு ஏப்பிரல் 17 ஆம் நாள், கொங்குநாட்டில் காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் தீரன் சின்னமலை பிறந்தார். ஆங்கிலேயக் கும்பினிப் படைகளை எதிர்த்து நின்ற அவர், 1805 யூலை 31 ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அவர் அங்கே போரிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், கடலுக்கு இப்பால் வன்னியில் நிகழ்ந்தது யாது? 1803 ஓகஸ்ட் 25 ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்னும் படைத்தலைவனிடம் தோல்வியுற்றான். ஒருவரையொருவர் அறிந்திராத இவ்விருவரும் ஒரே பேரரசின் விரிவை ஒரே காலத்தில் எதிர்த்தவர்கள். சின்னமலையின் பிறந்தநாளை வாசிக்கும் விசுவமடுப் பிள்ளைக்கு, கற்சிலைமடு தன் ஊரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை என்பதையும் ஆசிரியர் சொல்லிவிட்டால், கொங்குநாடும் வன்னியும் அப்பிள்ளையின் மனத்தில் ஒருங்கே நிற்கும்.

இனி 1970 ஆம் ஆண்டு. சந்திரனுக்குப் புறப்பட்ட அப்பல்லோ 13 கலத்தின் ஒட்சிசன் தாங்கி வழியில் வெடித்தது. சந்திரனில் இறங்கும் நோக்கம் கைவிடப்பட்டது. லவல், சுவைகேட், ஹெயிஸ் ஆகிய மூவரும் குளிரிலும் நீர்த்தட்டுப்பாட்டிலும் தவித்து, ஏப்பிரல் 17 ஆம் நாள் பசுபிக் கடலில் உயிரோடு வந்திறங்கினர். போன காரியம் கைகூடாவிடினும் போனவர் திரும்பி வந்தமையை உலகம் வெற்றியாகக் கொண்டாடிற்று. திரும்பி வருதல் எத்துணைப் பெரிய சொல் என்பதை வன்னி மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டுப் போரில் விசுவமடுவை விட்டு நீங்கியோரிற் பலர் பின்னர் திரும்பிவந்து, காடேறிய வளவுகளைத் துப்புரவாக்கி, மறுபடியும் வாழத் தொடங்கினர். திரும்பாதோரும் உளர்.

1975 ஆம் ஆண்டின் ஏப்பிரல் 17 இரண்டு செய்திகளைத் தாங்கி நிற்கிறது. அன்று சென்னையில் சர்வபள்ளி இராதாகிருட்டிணன் மறைந்தார். திருத்தணியிற் பிறந்து, தத்துவப் பேராசிரியராக விளங்கி, 1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த அப்பெரியாரின் பிறந்தநாளையே இந்தியா ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகின்றது. அதே நாளில் கம்போடியாவின் தலைநகரான புனோம்பென், கெமர் ரூச் படையினர் வசமாயிற்று. அவர்கள் நகரத்து மக்கள் அனைவரையும் வெளியேறும்படி பணித்தனர். நோயாளர், முதியோர், கைக்குழந்தையோடு தாய்மார் என்று ஒரு நகரமே வீதிக்கு வந்தது. பின் வந்த ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டன. கற்றவர் என்பதனாலேயே ஆசிரியர்கள் கொல்லப்பட்டனர். உலகம் போற்றிய ஓராசிரியர் இயற்கையாக விடைபெற்ற நாளிலேயே, இன்னொரு நாட்டில் ஆசிரியர் குலமே அழிவை நோக்கி நடக்கத் தொடங்கிற்று. இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வாசித்தால் கைதட்டத் தோன்றாது. சற்று நேரம் மௌனமே தோன்றும்.

இந்நாளின் இரு பிறந்தநாள்களே இலங்கையர் ஆழ்ந்து சிந்திக்கவேண்டியவை. 1916 ஏப்பிரல் 17 இல் இரத்தினபுரியில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிறந்தார். 1972 ஏப்பிரல் 17 இல் கண்டியில் முத்தையா முரளிதரன் பிறந்தார். முரளிதரன் பிறந்த அன்று சிறிமாவோ அம்மையாருக்கு ஐம்பத்தாறு வயது நிறைந்தது. அவர் நாட்டின் பிரதமராகவும் இருந்தார். ஐந்து வாரங்களின் பின், மே 22 ஆம் நாள், இலங்கை குடியரசாயிற்று.

அம்மையாரின் சிறப்பை உலகம் அறியும். 1959 இல் கணவர் சுட்டுக்கொல்லப்பட்டபின் அரசியலில் இறங்கி, 1960 யூலை 21 ஆம் நாள் உலகின் முதற் பெண் பிரதமரானார். விசுவமடுவின் பழைய கமக்காரரும் அவரை இன்னொரு காரணத்தால் நினைவுகூர்வர். படித்த இளைஞரைக் காணியில் குடியேற்றிய திட்டங்களால் வளர்ந்த ஊர் அது. 1970 ஆம் ஆண்டு அமைந்த அவரது அரசு வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. உள்நாட்டு விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. குளத்து நீரையும் கிணற்று நீரையும் நம்பி மிளகாய் நட்ட இளைஞர் கைகளில் பணம் புழங்கிற்று; கல்வீடுகள் எழுந்தன. 1977 இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டதும் அவ்விலையும் சரிந்தது.

அதே அம்மையாரின் பெயர் மலைநாட்டு மக்களின் வரலாற்றில் வேறொரு விதமாக எழுதப்பட்டுள்ளது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் எதிர்காலம் குறித்து, 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் புதுடில்லியில் அவரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்பாடு கண்டனர். 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டோரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது. அன்று இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்தவர், இதே ஏப்பிரல் 17 இல் மறைந்த இராதாகிருட்டிணனே. எஞ்சியோரையும் 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. மக்களின் மனத்தைக் கேளாது எண்ணிக்கையைப் பங்கிட்டனர் என்ற குறை இன்றும் நீங்கவில்லை. தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்கள் பெட்டியும் படுக்கையுமாக இரயிலேறி, செட்டிகுளத்தையும் மடுவையும் கடந்து தலைமன்னாரில் கப்பலேறினர். அவர்களிற் பலர் இராமேசுவரத்தில் இறங்கியபோதுதான் இந்திய மண்ணை முதன்முறையாகக் கண்டனர்.

முரளிதரன் இம்மக்கள் வழியில் வந்தவர். அவருடைய பாட்டனார் 1920 இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, பிற்காலத்தில் இந்தியா திரும்பியவர். மகனான முத்தையா இங்கேயே தங்கி, கண்டிப் பகுதியில் விசுக்கோத்துத் தொழில் நடத்தினார். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தில் அத்தொழிற்சாலை தாக்குதலுக்குள்ளாயிற்று. அதே கலவரத்தில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் வந்து குடியேறின. வன்னியின் வகுப்பறைகளில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அமர்ந்திருக்கிறார்கள்.

அந்தச் சிறுவன் இந்நாட்டிலேயே வளர்ந்தான். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றான். 1992 ஓகஸ்ட் 28 இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் போட்டியில் இறங்கினான். 1995 டிசெம்பர் 26 இல் மெல்பேர்ன் மைதானத்தில் நடுவர் அவனுடைய பந்துவீச்சை எறிபந்தென்று ஏழுமுறை குற்றஞ்சாட்டினார். பிறவியிலேயே முற்றாக நிமிராத முழங்கை அவனுடையது. சோதனைகளுக்கு உடன்பட்டு, பொறுமையோடு ஆடிக்கொண்டேயிருந்தான். 1996 மார்ச் 17 இல் லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்ற அணியில் அவனும் ஒருவன். 2010 யூலை 22 ஆம் நாள் காலியில், இந்தியாவுக்கு எதிரான தன் இறுதி டெஸ்டில், 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றான். 133 போட்டிகளில் ஈட்டப்பட்ட அவ்வெண்ணை டெஸ்ட் துடுப்பாட்டத்தில் அதற்குமுன் எவரும் தொட்டதில்லை. போர் முடிந்தபின் 2012 முதல் அவருடைய பெயரால் நல்லிணக்கக் கிண்ணப் போட்டிகள் கிளிநொச்சி, மாங்குளம் முதலிய வடபுலத்து இடங்களிலும் நடத்தப்பெற்றன.

முரளிதரனின் பாட்டனார் சென்ற வழியே மகனும் சென்றிருப்பின், இலங்கை எதை இழந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். ஆயினும் அவ்வெண்ணத்தோடு நின்றுவிடுதல் போதாது. கப்பலேறிய இலட்சக்கணக்கானோரில் எவரும் 800 விக்கெட்டுகள் வீழ்த்தியிருக்க வேண்டியதில்லை. ஒரு மனிதன் ஒரு மண்ணில் வாழ உரிமை பெறுவதற்குப் புகழ் ஒரு நிபந்தனையாகாது. நாட்டிலே எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. 1948 இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

ஒரே தலைவர் ஓர் ஊரின் மிளகாய்த் தோட்டத்துக்கு வாழ்வளித்தவராகவும், வேறொரு மக்களின் பிரிவுத் துயருக்குக் கையொப்பமிட்டவராகவும் இருத்தல் கூடும். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல அஞ்சவேண்டியதுமில்லை. நன்மையையும் குறையையும் ஒருங்கே நிறுக்கும் தராசு அவர்கள் உள்ளத்தில் உண்டு.

ஆகவே, பாடசாலைகளில் நாளின் சிறப்புகளை வாசிக்கும் வழக்கம் தொடரட்டும். அத்துடன் ஒரு சிறு மாற்றமும் வேண்டும். பத்துச் செய்திகளை ஓடவிட்டு வாசிப்பதை விட்டு, இரண்டைத் தேர்ந்து அவற்றுக்கிடையேயான உறவைப் பிள்ளைகளே தேடட்டும். உலகச் செய்தி ஒன்றின் பக்கத்தில் தங்கள் ஊர்ச் செய்தி ஒன்றையும் எழுதட்டும். குளத்து வான்கதவு திறந்த நாள், முதற் குடும்பம் காடுவெட்டிக் குடியேறிய நாள், இடம்பெயர்ந்தவர் மீண்டுவந்து அடுப்பு மூட்டிய நாள் ஆகியன எந்த நூலிலும் அச்சேறவில்லை. அவை முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளன. அம்முதியோரும் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அப்பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்க ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். அடுத்த ஏப்பிரல் 17 ஆம் நாள் வருவதற்குள் விசுவமடுவின் பிள்ளைகள் அக்கொப்பியில் நிரப்பக்கூடிய பக்கங்கள் பல உண்டு.