தண்ணி குடிங்க, அடக்காதீங்க
(தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்னைக்கு வெட்கப்படுற விசயம் ஒண்ணு பேசப்போறேன். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுக் கேளுங்க.

மலைக்குப் போகும் தாய்மார் பலர் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடமில்லை, ஆம்பிளைகள் நிற்பார்கள் என்று அந்தி நிறுவை வரை ஒண்ணுக்கு அடக்குகிறார்கள். இது உங்க தப்பு இல்லை. மறைவிடம் கட்டித் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் கிருமி அதுவரை காத்திருக்காதே!

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்ரிமீற்றர்தான். கிருமி சுலபமாக மேலே ஏறும். சிறுநீர் தேங்கினால் பையிலேயே பெருகும். எரிவு, சொட்டுச்சொட்டாக அடிக்கடி போதல், கலங்கல், இரத்தம் எல்லாம் சிறுநீர்த் தொற்றின் அடையாளம். நடுக்கக் காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கே போய்விட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நமக்குத் தெரிந்த ஒரு தாய், ஏழு மாதக் கர்ப்பிணி, எரிவைச் சொல்ல வெட்கப்பட்டு "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னார். பனடோலோடு வீட்டுக்கு வந்து கம்பளி போர்த்திப் படுத்தார். மூன்றாம் நாள் லொறியில் கொண்டு போனோம். பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்தது.

டிஸ்பென்சரியில் வெட்கப்படாமல் "ஒண்ணுக்குப் போனா எரியுது" என்றே சொல்லுங்க. மருத்துவிச்சி அம்மாவிடமும் சொல்லலாம். போத்தல் தந்தால் முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கணும். எரிவு நின்றாலும் கொடுத்த மருந்தை முடிக்கணும்.

நாளையிலிருந்து கொதித்தாறிய தண்ணி ஒரு போத்தல் கொண்டு போங்க. ஒதுங்கும்போது இரண்டு பேராகப் போங்க, ஒருத்தி காவல் நிற்கட்டும். கங்காணிமாரிடம் நான் பேசிவிட்டேன்.