செல்வர் மனையும் நகைச்சுவையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி ஆற்றிய உரை)

சங்கப் பாடலையும் சிற்றிலக்கியத்தையும் புதுக்கவிதையையும் பற்றிப் பத்தாண்டுகள் பேசிய இம்மேடையில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயர் ஒலிப்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நான் பேச வந்தது தமிழ் நாடகத்தைப் பற்றியே. அத்தொடரை ஓர் அளவுகோலாக மட்டுமே கைக்கொள்கிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். உவகையைக் கடைசியில் வைத்தார். நகைக்கு அவர் காட்டும் நிலைக்களன்கள் நான்கு. பிறரை இகழ்வதாகிய எள்ளல் ஒன்று, இளமை ஒன்று, அறியாமையாகிய பேதைமை ஒன்று, மற்றொன்று மடன். உவகைக்கும் நிலைக்களன்கள் நான்கு. அவற்றுள் முதலாவது செல்வம். செல்வத்தை மகிழ்ச்சிக்கு உரியதாக ஓரிடத்திலும், அறியாமையைச் சிரிப்புக்கு உரியதாக வேறோரிடத்திலும் இலக்கண நூல் பிரித்து வைத்திருக்கிறது. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதே செல்வர் வீட்டு நகைச்சுவையின் கருப்பொருள். பணம் நிறைந்த வீட்டில் அறிவு குறைந்தவன் தலைவனாக இருக்கிறான். அல்லது, அறிவு நிறைந்த எளியவன் அவ்வீட்டுக்குள் வந்து சேர்கிறான்.

அமெரிக்காவில் 1962 முதல் 1971 வரை ஒன்பது ஆண்டுகள் ஒளிபரப்பான 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்' என்னும் தொடர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மலைப்பகுதியில் வேட்டையாடி வாழும் ஜெட் கிளாம்பெட் என்பவரின் சதுப்பு நிலத்தில் எண்ணெய் கிடைக்கிறது. பெரும் பணம் வருகிறது. பழைய லாரி ஒன்றில் வயதான மாமியார், மகள், உறவுப் பையன் ஆகியோருடன் கலிபோர்னியாவில் செல்வர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸில் ஒரு மாளிகைக்குக் குடிவருகிறார். நீச்சல் குளம் அவர்களுக்குச் சிமெண்ட்டால் கட்டிய குட்டை. பில்லியர்ட்ஸ் மேசை அவர்களுக்கு உணவு உண்ணும் மேசை. பால் ஹென்னிங் உருவாக்கிய இத்தொடர் 274 பகுதிகள் வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளும் அந்நாட்டில் மிகுதியானோர் பார்த்த நிகழ்ச்சியும் இதுவே.

மேலோட்டமாகப் பார்த்தால் இது மலைமக்களை எள்ளும் கதை. சித்தேரியிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் கீழே இறங்கி வருவோரைப் பார்த்து ஊரார் சிரிக்கும் சிரிப்பை நாம் அறிவோம்; அது நல்ல சிரிப்பு அன்று. ஆனால் கதையை ஊன்றிப் பார்த்தால் எள்ளப்படுபவர் வேறொருவர். பக்கத்து வீட்டில் வாழும் வங்கித் தலைவர் டிரைஸ்டேல், கிளாம்பெட்டின் வைப்புத் தொகை தம் வங்கியை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக அவர்களின் ஒவ்வொரு விந்தைச் செயலுக்கும் தலையாட்டுகிறார். மாமியார் காய்ச்சும் நாட்டு மருந்தையும் புகழவேண்டிய கட்டாயம் அவருக்கு. ஜெட்டுக்குப் பணம் ஒரு பொருட்டாக இல்லை. டிரைஸ்டேலுக்கோ அது ஒன்றே பொருள். மலைமக்கள் அறியாமையால் தவறுகிறார்கள். வங்கியாளர் அனைத்தும் அறிந்தே குனிகிறார். அவ்வீட்டின் நகை இந்த இடைவெளியிலேதான் பிறக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) 1891-இல் சென்னைக்கு வந்த பல்லாரி கிருஷ்ணமாசார்லு குழுவினரின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்தார். அதே ஆண்டில் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார் என்பது நாடக வரலாறு பயின்றோர் அறிந்ததே. 'மனோகரா'வை எழுதியவராகவே அவரைப் பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. 'சபாபதி'யை எழுதியவராக அறிமுகம் செய்வதில்லை. அது பிரகசனமாம், சிரிப்பு நாடகமாம், ஆய்வுக்கு உரியதன்றாம். இத்தகைய தரவரிசையை யார் வகுத்தார் என்று கேட்டால் விடை சொல்வாரில்லை.

சபாபதி முதலியார் என்பவர் செல்வர். அவருடைய வேலைக்காரன் பெயரும் சபாபதி. இப்பெயர்ப் பொருத்தம் வெறும் வேடிக்கைக்காக அமைந்ததன்று என்பது என் கருத்து. ஒரு பெயரை எடுத்து இருவர்க்குச் சூட்டி, ஒருவனை நாற்காலியிலும் ஒருவனைத் தரையிலும் உட்கார வைத்துவிட்டு, இருவரையும் பேசவிடுகிறார் ஆசிரியர். சற்று நேரத்தில் எவன் நாற்காலிக்கு உரியவன் என்ற ஐயம் நமக்கு எழுகிறது. அந்த ஐயமே நாடகம்.

இங்கே தொல்காப்பியம் மீண்டும் துணைக்கு வருகிறது. பேதைமையும் மடனும் மேலெழுந்த வாரியாக ஒன்றுபோலத் தோன்றுவன. உரைமரபு இவற்றை வேறுபடுத்துகிறது. பேதைமை அறிவின்மை. மடனோ, பிறர் அறிவுறுத்தியதைப் பற்றிக்கொண்டு பற்றியதை விடாமை. முதலாளி சபாபதியிடம் இருப்பது பேதைமை. வேலைக்காரச் சபாபதியிடம் இருப்பது மடன். அவன் சொன்னதைச் சொன்னபடியே, சொல்லின் நேர்ப்பொருள் பிசகாமல் செய்துமுடிக்கிறான். அதனால் வீடு கவிழ்கிறது. ஆணையிடுபவன் தன் ஆணையின் பொருளைத் தானே அறியாதபோது, அதை அப்படியே நிறைவேற்றும் பணியாளனைவிடப் பெரிய தண்டனை வேறென்ன இருக்க முடியும்? அவன் கலகம் செய்யவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. கீழ்ப்படிகிறான், அவ்வளவே. இதனைக் கலகமாகவே நான் படிக்கிறேன். அவையில் உள்ள கவிஞர்கள் மறுக்கலாம்.

பம்மல் இதை ஒரே நாடகமாக எழுதி நிறுத்தவில்லை என்பதே நான் வலியுறுத்த விரும்பும் செய்தி. பாகம் பாகமாக வளர்த்தார். வீடு அதே வீடு, முதலாளியும் அவரே, வேலைக்காரனும் அவனே. சூழல் மட்டும் மாறும். 'சபாபதி ஜமீந்தார்' என்றொரு பாகம். பேசும்படம் வந்த பிறகு பேசும்படத்தையும் சபாபதி முதலியாரையும் எதிரெதிரே நிறுத்தி மற்றொன்று. ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். முன் பாகத்தைப் பார்க்காதவரும் சிரிக்கலாம், பார்த்தவர் கூடுதலாகச் சிரிக்கலாம். நிலையான குடும்பம், மாறும் இக்கட்டு என்னும் இந்த அமைப்பைத்தான் பின்னாளில் அமெரிக்க வானொலியும் தொலைக்காட்சியும் வாரத் தொடராக்கின. தொலைக்காட்சிப் பெட்டி நம் வீடுகளுக்கு வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்த ஒரு தமிழர் அந்த வடிவத்தைக் கண்டுகொண்டார். இதைச் சொல்வதற்கு நாம் கூச வேண்டியதில்லை. 'எல்லாம் தமிழிலேயே முன்பு இருந்தது' என்னும் பழைய பல்லவியாக இதைக் கொள்ள வேண்டாம். அச்சில் உள்ள நாடகத்தைப் படித்தே சொல்கிறேன்.

1941-இல் ஏ.வி. மெய்யப்பன் இதைத் திரைப்படமாக்கினார். டி.ஆர். ராமச்சந்திரன் முதலாளி, காளி என். ரத்தினம் வேலைக்காரர், கே. சாரங்கபாணி தமிழாசிரியர். தமிழாசிரியர் அப்படத்தில் நகைப்புக்குரியவர். நம்மவர் பலர்க்கு இது வருத்தம் தரும். எனக்கு அவ்வளவாக வருத்தமில்லை. அக்காலச் செல்வர் வீட்டில் தமிழாசிரியர்க்கு இருந்த இடம் எதுவோ அதுவே படத்திலும் இருக்கிறது. தேர்வில் தேறாத செல்வர் மகனின் முன்னால் கைகட்டி நிற்கவேண்டிய கல்வியின் நிலை அது. என்னைக் கவர்ந்தது மற்றொன்று. மணமகளாக அவ்வீட்டுக்கு வரும் சிவகாமி படித்தவள். கணவனுக்குப் பாடம் சொல்லித் தந்து அவனைத் தேறவைக்கிறாள். படித்த பெண்ணைக் கேலிப்பொருளாக்கி எத்தனையோ நாடகங்களும் படங்களும் வந்திருக்கின்றன. இப்படமோ ஆசிரியரைக் கேலி செய்தது, மாணவனைக் கேலி செய்தது. படித்த மனைவியை மட்டும் கேலி செய்யவில்லை.

பெவர்லி ஹில்ஸ் குடும்பம் அமெரிக்கத் திரையில் தோன்றிய அடுத்த ஆண்டு, 1963-இல், சாவி 'ஆனந்த விகட'னில் 'வாஷிங்டனில் திருமணம்' எழுதினார். கோபுலு படம் வரைந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்து எழுதியவர் அல்லர். எனினும் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவதுபோல இரு கதைகளும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. அங்கே மலைநாட்டு எளியவர் செல்வர் நகரில் குடியேறுகிறார். இங்கே ராக்ஃபெல்லர் சீமாட்டி தம் செல்வம் முழுவதையும் தஞ்சைப் பகுதிக் கல்யாணம் ஒன்றின் காலடியில் கொண்டுவந்து கொட்டுகிறார். சாஸ்திரிகள் விமானத்தில் பறக்கிறார்கள். வாஷிங்டன் நகரத்தில் அப்பளம் காய்கிறது. உலகின் பெருஞ்செல்வம் நம் வீட்டுச் சடங்கின் முன் வாய்பிளந்து நிற்பதைக் கண்டு தமிழ் வாசகர் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சியில் நகையைவிட உவகையே மிகுதி.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. ஜானவாச ஊர்வலத்தில் காஸ் விளக்குச் சுமப்பதற்காக நரிக்குறவர்களையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த நூலை விரும்பிப் படித்தவள் நான். அந்த இடத்தில் மட்டும் சிரிப்பு வருவதில்லை. சீமாட்டி எள்ளப்படவில்லை, சாஸ்திரிகளும் செல்லமாகவே கிண்டல் செய்யப்படுகின்றனர். விளக்கைத் தலையில் தாங்கியவரோ பொருட்களோடு பொருளாகப் போய்வருகிறார். சபாபதி வீட்டு வேலைக்காரன் தன் எசமானைக் கவிழ்த்தான். இங்கே விளக்குத் தூக்கியவர்க்கு அத்தகைய ஒரு வாய்ப்புத் தரப்படவில்லை. இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் திரைப்படத்திலிருந்து தொடர்கதைக்கு வரும்போது நகைச்சுவை மென்மையடைந்தது. பல் உதிர்ந்தது என்றும் சொல்லலாம்.

திரைப்படத்தில் அப்பல் முழுதும் உதிரவில்லை. கே. பாலசந்தரின் 'பாமா விஜய'த்தில் (1967) நடுத்தரக் குடும்பம் நடிகை ஒருத்தியின் முன் செல்வக் குடும்பமாக நடிக்க முயன்று கடனில் விழுகிறது. சித்ராலயா கோபுவின் 'காசேதான் கடவுளடா' (1972) மேடையிலிருந்து திரைக்கு வந்தது. வீட்டுப் பணத்தைக் கையில் இறுக்கிப் பிடித்த சிற்றன்னையும் அதைக் களவாடத் திட்டமிடும் பிள்ளைகளும் தேங்காய் சீனிவாசனின் போலிச் சாமியாரும் செல்வர் மனையை ஆட்டிப்படைத்தனர்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. பிறகு தனியார் அலைவரிசைகள் வந்தன, நெடுந்தொடர்கள் வந்தன. இன்றைய நெடுந்தொடர்களில் செல்வர் வீடுகளுக்குக் குறைவில்லை. வளைந்து இறங்கும் மாடிப்படியும் கூடத்து விளக்குகளும் பட்டுப்புடவையோடு உறங்கி எழும் மாமியாரும் இல்லாத தொடர் அரிது. ஆனால் அவ்வீடுகளில் யாரும் சிரிப்பதில்லை. சூழ்ச்சி உண்டு, அழுகை உண்டு, அச்சம் உண்டு, வெகுளி உண்டு. எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக வைக்கப்பட்டதை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நகைச்சுவைத் தொடர்கள் வேறு உண்டு. அவை பெரும்பாலும் வாடகை வீட்டில் நடக்கின்றன. நடுத்தரக் குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், செல்வர் குடும்பத்தைக் கண்டு நடுங்கவேண்டும் என்று எழுதாத விதி ஒன்று நிலவுவதாகவே தோன்றுகிறது. அமெரிக்கத் தொடரும் 1971-இல் பார்வையாளர் அறவே இல்லாமற்போய் நிறுத்தப்படவில்லை. நகர்ப்புற இளைஞரையே விளம்பரதாரர் விரும்பியதால், நாட்டுப்புறக் குடும்பங்கள் இடம்பெற்ற வேறு பல நிகழ்ச்சிகளோடு சேர்த்து நிறுத்தப்பட்டது. செல்வர் வீட்டில் சிரிக்கலாமா கூடாதா என்பதைப் பலவேளை எழுத்தாளன் முடிவு செய்வதில்லை.

நம் கவிஞர்களிடமும் இதே தயக்கத்தைக் காண்கிறேன். இவ்வட்டத்தில் செல்வரைச் சாடும் கவிதைகள் பல கேட்டிருக்கிறோம். செல்வரைப் பார்த்துச் சிரிக்கும் கவிதைகளை விரல்விட்டு எண்ணலாம். சாடுவது எளிது. சாடப்படுபவர் அதனால் ஓரளவு பெரியவராகவும் ஆகிவிடுகிறார்.

தகடூர்க்கு உரிய புலவர் இவ்வகையில் வேறுபட்டவர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரை அவன் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று காட்டுகிறான். அவர் வெகுளவில்லை. பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசி, காவலில் வைத்திருக்கும் அப்படைக்கலங்களின் அழகைப் பாராட்டுகிறார். அதியமானின் வேல்களோ முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று உடன் சொல்கிறார். புறநானூற்றின் 95-ஆம் பாடல் அது. செல்வன் ஒருவன் தன் வீட்டைச் சுற்றிக் காட்ட, வந்த விருந்தினர் பணிவாகப் பாராட்டி அவனைக் கவிழ்க்கும் காட்சியை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதியதில்லை. தம் புரவலனையும் அவர் விட்டுவைக்கவில்லை. 206-ஆம் பாடலில் பரிசில் தரத் தாழ்த்திய அதியமானின் வாயிற்காவலனை விளித்து, எத்திசைச் சென்றாலும் எமக்குச் சோறு உண்டு என்னும் பொருள்படப் பேசுகிறார். அப்பேச்சைக் கேட்ட வாயில் நம் அதியமான்கோட்டைப் பக்கத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும். அந்த வாயிலோன் என்ன மறுமொழி சொன்னான் என்று பாடல் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தால் அவன் சபாபதியாகிவிடுவான்.

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பதினோராம் ஆண்டின் கூட்டங்களுள் ஒன்றைச் 'சபாபதி'யின் ஒரு பாகத்தை முழுமையாக வாசிப்பதற்கு ஒதுக்கித் தருக. முதலாளியாக நம் பொருளாளரும் வேலைக்காரனாக நம் கவிஞருள் ஒருவரும் வாசித்தால் பொருத்தமாக இருக்கும். நூற்படியை நான் கொண்டுவருகிறேன்.