மாசிப் பனியும் பிள்ளையின் மூச்சும்



மாசி பிறந்துவிட்டால் நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரே வாரத்தில் வானம் எத்தனை விதமாக மாறும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விடியற்காலையில் மேற்கே மலை தெரியாதபடி பனி மூடிக் கிடக்கும். பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரண்டு நாள் கழித்து மேகம் கூடிப் புழுங்கும். சில வருஷம் நாலு தூறலும் விழும். மறுபடியும் பனி. “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இதற்குக் காரணம் உண்டு. வானம் தெளிந்த இரவில், பகலெல்லாம் பூமி வாங்கிய சூடு தடையின்றி மேலே போய்விடுகிறது. அதனால் விடியற்காலையில் குளிர் அதிகம். மேகம் மூடிய இரவில் அந்தச் சூடு வெளியேறாமல் தங்குகிறது. இந்த மாற்றத்தைப் பெரியவர் உடம்பு தாங்கும். கைக்குழந்தையின் சிறிய உடம்போ சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும்.

பனிக்குப் பயந்து கதவு, ஜன்னலை அடைத்து எல்லாரும் ஒரே அறையில் படுக்கிறோம். ஒருவர் இருமினால் கிருமி மற்றவருக்குப் போகிறது. அடுப்புப் புகையும் பீடிப் புகையும் அங்கேயே சுற்றுகின்றன. இப்படித்தான் சளி பிடிக்கிறது. பெரும்பாலான சளி தானாகவே ஆறிவிடும். ஆனால் கிருமி நுரையீரலில் இறங்கினால் அதுவே நிமோனியா. உலகத்தில் சிறு குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் தொற்றுநோய்களில் இதுவே முதன்மையானது.

சாதாரணச் சளியா, நிமோனியாவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளையின் மூச்சை எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் 5 வயது வரை 40. எண்ணிக்கை இதைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த மூன்று எண்களையும் காலண்டர் அட்டையில் எழுதி மாட்டி வையுங்கள்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அப்போதே கிளம்புங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலும், உடம்பு சில்லிட்டாலும் அப்படியே.

சில வீடுகளில் மூக்கில் எண்ணெய் விடுகிறார்கள். அது நுரையீரலுக்குள் போனால் அதுவே நோயாகிவிடும். கற்பூரம் கலந்த எண்ணெயும் கைக்குழந்தைக்கு ஆகாது. குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதும், இழுப்புக்குச் சூடு போடுவதும் வேண்டவே வேண்டாம். “சளி கட்டும்” என்று தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அடிக்கடி கொடுங்கள். பிள்ளைக்குத் தெம்பு அதில்தான் இருக்கிறது.

எடை குறைந்த பச்சைக் குழந்தைக்குப் பனி நாளில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். தலைக்குக் குல்லாய் போட்டு, தாயின் வெறும் மார்போடு அணைத்து, மேலே போர்த்துங்கள். இதைத் தகப்பனும் செய்யலாம். ஆண்பிள்ளைக்கு இதில் வெட்கம் என்னய்யா? ஆனால் மில்லிலிருந்தோ, சத்திரப்பட்டித் தறியிலிருந்தோ வந்தால் முதலில் பஞ்சு ஒட்டிய சட்டையை மாற்றி, கைகால் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். பீடி, சிகரெட்டை வீட்டில் பற்றவைக்கவே வேண்டாம்.

தடுப்பூசியும் உண்டு. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி தமிழ்நாட்டில் 2021 முதல் அரசுச் சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என மூன்று தவணை. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு மூச்சு இழுக்கும். “பனிக்கு அப்படித்தான் இழுக்கும், விடிஞ்சா பாத்துக்கலாம்” என்று வீட்டில் ஒரு குரல் கேட்கும். மாமியார் சொன்னாலும், மாமனார் சொன்னாலும் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். 108-க்குப் போன் செய்தால் வண்டி இலவசமாக வரும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மனைவி காத்திருக்க வேண்டாம். வேலைக்குப் போகுமுன்பே கணவர், “எனக்காகக் காத்திருக்காதே, கிளம்பிடு” என்று சொல்லி, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து வைக்கட்டும்.

மாசிப் பனி சிவராத்திரியோடு போய்விடும் என்பார்கள். அதுவரை இரவில் ஒருமுறையாவது விழித்து, பிள்ளையின் மூச்சைக் கவனியுங்கள். இன்று அம்மா என்றால், நாளை அப்பா.